பி.ஒய். எண்ணும் பிரீமியக் கணக்கும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்தால், முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் அரியாங்குப்பம். இங்கே ஒரு வீட்டு வாசலில் நிற்கும் காரின் எண் பி.ஒய். 01 என்று தொடங்கும். சென்னை அண்ணா சாலை நெரிசலில் தினமும் ஊர்ந்துவிட்டு, இரவில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் இன்னொரு காரின் எண்ணும் பி.ஒய். 01 என்றே தொடங்கலாம். புதுச்சேரியில் சாலை வரி குறைவு. அதனால் வெளி மாநிலத்தவர் பலர் விலை உயர்ந்த கார்களை இங்கே ஒரு முகவரி காட்டிப் பதிவு செய்துகொள்வது நெடுநாள் வழக்கம். 2017-இல் கேரளத்தில் திரை நட்சத்திரங்களின் கார்கள் வரை இந்தப் பிரச்சினை வெடித்தது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் வரி இழப்பாக மட்டும்தான் இதுவரை பேசியிருக்கிறோம். வண்டிக் காப்பீட்டின் விலையை இப்போது கணினி மாதிரிகள் தீர்மானிக்கின்றன. அவற்றின் கையில் கொடுக்கப்படும் தகவல் எவ்வளவு நம்பகமானது என்ற கேள்விக்கும் இந்த எண் பலகையே நல்ல சான்று.

2006 வரை இந்தியாவில் வண்டிக் காப்பீட்டின் விலை அரசு அட்டவணைப்படிதான். கட்டண ஆலோசனைக் குழு வகுத்த அந்த அட்டவணை காரின் வயது, இன்ஜினின் சி.சி., மதிப்பு, பதிவான ஊர் ஆகியவற்றைப் பார்த்தது. அடிப்படை விலைக்கு, ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கவே இல்லை. ஊர் விஷயத்தில் நாடு இரண்டே மண்டலம். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்களும் ‘ஏ’. மற்ற இந்தியா முழுவதும் ‘பி’. எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு என்பதே மண்டலத்தை முடிவு செய்தது. ஆகவே அண்ணா சாலையில் ஓடும் பி.ஒய். காரும் ‘பி’ மண்டலக் கார்தான். 2007 ஜனவரி 1 முதல், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆனது. இன்று இணையத்தில் விலை கேட்டால் முதலில் கேட்கப்படுவது வண்டி எண். அதிலிருந்து ஊர், வண்டியின் ரகம், வயது எல்லாம் நொடியில் எடுக்கப்பட்டு, ஒரு தொகை திரையில் வந்து நிற்கிறது.

அந்தத் தொகைக்குப் பின்னால் உள்ள கணக்கு மாயமல்ல. இப்படி ஒரு வண்டிக்கு ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை கிளைம் வரும், வந்தால் ஒரு கிளைமுக்கு எவ்வளவு செலவாகும் என்று இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டுப் பெருக்கினால் அடிப்படைச் செலவு கிடைக்கும். நிர்வாகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், லாபம் எல்லாம் அதன்மேல் ஏறும். இந்த மதிப்பீட்டுக்கு உலகெங்கும் காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்களான ஆக்சுவரிகள் பயன்படுத்தும் கருவியை நெல்டர், வெடர்பர்ன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1972-இல் முன்வைத்தார்கள். அதில் ஒவ்வொரு காரணிக்கும் ஒரு பெருக்கெண் உண்டு: பழைய வண்டிக்கு இவ்வளவு, பெரிய இன்ஜினுக்கு இவ்வளவு என்று. கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடலாம். இயந்திரக் கற்றல் வந்த பிறகு, ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன முடிவு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முந்தைய மரம் விட்ட பிழையை அடுத்த மரம் திருத்தும் முறைகள் பரவின. காரணிகள் ஒன்றோடொன்று சேரும்போது நிகழும் விளைவுகளை அவை தாமாகவே கண்டுபிடிக்கும். ஆனால் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது.

புதிய முறை எவ்வளவு மேலானது? இதைச் சோதிக்க உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது, புதுச்சேரிக்குப் பொருத்தமாகவே, ஒரு பிரெஞ்சுத் தரவு. பிரான்ஸின் மோட்டார் காப்பீட்டில் 6,78,013 பாலிசிகள். ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரின் வயது, வண்டியின் திறன், வட்டாரம், மக்கள் நெருக்கம் முதலிய விவரங்கள். இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பாலிசிகளில் ஒரு கிளைம்கூட இல்லை. இந்தத் துறையின் அடிப்படை உண்மையே இதுதான்: விபத்து அபூர்வம், அதில் தற்செயலின் பங்கு மிகப் பெரிது. எல்லோருக்கும் ஒரே சராசரி என்று கொள்வதோடு ஒப்பிட்டால், எந்த நவீன மாதிரியும் கணிப்புப் பிழையை ஒற்றை இலக்கச் சதவீதம்தான் குறைக்கிறது. 1972-இன் முறைக்கும் புதிய மரங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதிலும் சிறிது. யாருக்கு அடுத்த ஆண்டு விபத்து நடக்கும் என்று மாதிரிக்குத் தெரியும் என்பது வெறும் விளம்பரம். இன்னொன்றும் இந்தத் தரவில் தெரிகிறது. கணிப்புக்கு மிகவும் உதவும் காரணிகளில் முன்னால் நிற்பது ‘போனஸ்-மாலஸ்’ எண். விபத்தில்லாமல் ஓட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 சதவீதம் குறைந்து, தவறு செய்து விபத்தானால் 25 சதவீதம் ஏறும் எண் அது. எங்கே வசிக்கிறார் என்பதைவிட, ஓட்டுநர் இதுவரை எப்படி ஓட்டினார் என்பது அதிகம் சொல்கிறது.

இதை மனத்தில் வைத்து அரியாங்குப்பத்துக்கு வருவோம். கணக்குக்காக, ஒரு நிறுவனத்திடம் இந்த ஊரின் 400 கார்கள் காப்பீடு செய்திருப்பதாகவும் நூற்றுக்கு ஐந்து வீதம் கிளைம் வரும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 20 கிளைம் எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது ஓர் ஆண்டில் 12 ஆகவும் இன்னோர் ஆண்டில் 28 ஆகவும் இருக்கக்கூடும். யாரும் மோசமாக ஓட்டத் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. 28 வந்த ஆண்டைப் பார்த்து, ‘இந்த ஊரில் ஆபத்து 40 சதவீதம் அதிகம்’ என்று மாதிரி கற்றுக்கொண்டால், அது கற்றது ஊரை அல்ல, குலுக்கலை. நல்ல ஆக்சுவரி இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்: ஊரின் சொந்த அனுபவத்துக்குக் கொஞ்சம் எடை, பெரிய வட்டாரத்தின் அனுபவத்துக்கு மீதி எடை என்று கலப்பது. சிறிய ஊர்களின் தரவு மெலிந்தது என்பதால் இந்தக் கட்டுப்பாடு கட்டாயம். ஆயிரம் மரங்களை அடுக்கும் அவசரத்தில் முதலில் தளர்வது இதுதான்.

கலக்க வேண்டிய அந்தப் பெரிய வட்டாரம் எது? இங்கேதான் புதுச்சேரியின் வரலாறு குறுக்கே நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற துண்டுகள்தான் இந்த ஒன்றியப் பகுதி. பி.ஒய். 02 காரைக்கால், பி.ஒய். 03 அரபிக்கடலோரம் கேரளத்துக்குள் இருக்கும் மாஹே; பி.ஒய். 04 ஆந்திரத்துக்குள் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம். ‘பி.ஒய்.’ என்ற ஒரே கட்டத்தில் இந்த நான்கையும் போட்டால், மாஹேயின் மலையாளச் சாலையும் அரியாங்குப்பத்தின் கடலூர் சாலையும் ஒன்றாகிவிடும். அஞ்சல் குறியீட்டை வைத்தாலும் தப்பிக்க வழியில்லை. 605 என்று தொடங்கும் எண்களில் புதுச்சேரியும் இருக்கிறது, தமிழ்நாட்டின் விழுப்புரமும் இருக்கிறது. இவற்றோடு வெளியூரில் ஓடும் பி.ஒய். கார்களும் சேர்ந்துகொள்கின்றன. சென்னையில் இடிபட்ட காரின் கிளைம் புதுச்சேரியின் கணக்கில் எழுதப்படுகிறது. மாதிரி அதைப் புதுச்சேரிச் சாலையின் ஆபத்தாகப் படிக்கிறது. புல்லுக்குப் பாய்ந்த நீருக்கும் நெல் காசு கட்டுகிற நிலை.

இயந்திரக் கற்றலை ஆதரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள்: விலை உயர்ந்த கார், பி.ஒய். எண் என்ற இரண்டும் சேரும்போது கிளைம் கூடுகிறது என்பதைப் புத்திசாலி மாதிரி தானே கண்டுபிடித்துப் பிரித்துவிடுமே? பிரிக்கும், உண்மைதான். ஆனால் பிரித்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். அரியாங்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்து, பாடுபட்டுச் சம்பாதித்து, உண்மையிலேயே இங்கே ஓட்டுவதற்காக ஒரு பெரிய கார் வாங்கியவரும் அந்தக் கட்டத்துக்குள் போய் விழுகிறார். அவருக்குச் சென்னைக்காரரின் விலை. அவர் எங்கே ஓட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை; அவரைப் போன்ற எண் பலகை வைத்திருந்த மற்றவர்கள் எங்கே ஓட்டினார்கள் என்பதை வைத்து முடிவாகிவிட்டது. மாதிரி எவ்வளவு கூர்மையானாலும், பதிவு ஊர் என்பது ஓடும் ஊருக்குப் பதிலாக வைத்த பதிலி. பதிலியை நுணுக்கமாக அலசினால் கிடைப்பதும் பதிலியைப் பற்றிய அறிவுதான்.

பதிலிகளால் விளைந்த அநீதி காப்பீட்டுக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் கூடுதல் பிரீமியம் வாங்கின. சாவு விகிதக் கணக்கு அதற்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. இந்தியர் என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் வசதியான பம்பாய் வியாபாரியும் அடங்கினார், பஞ்சத்தில் வாடியவரும் அடங்கினார். 1870-களின் தொடக்கத்தில் பம்பாய் மியூச்சுவல் நிறுவனம் சாதாரண விலையிலேயே இந்தியர்களுக்குக் காப்பீடு கொடுக்க முன்வந்தது. ஒரு கூட்டத்தின் சராசரி சரியாகவே கணக்கிடப்பட்டிருந்தாலும், அந்தக் கூட்டத்தை எப்படி வகுத்தோம் என்பது கணக்குக்கு வெளியே மனிதர் எடுக்கும் முடிவு. ஐரோப்பாவில் இளம் ஆண்கள் அதிகம் விபத்தில் சிக்குகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பாலினத்தை வைத்து விலை போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுத் தொழில் அதனால் மூழ்கிவிடவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே விலை வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே விலை என்றால், வாரம் ஒருமுறை மட்டும் காரை வெளியே எடுப்பவர் தினமும் 200 கிலோமீட்டர் ஓடுபவருக்காகப் பணம் கட்டுகிறார். அவர் காப்பீட்டையே விட்டுவிட்டால் மீதி இருப்பவர்களின் சராசரி ஏறும், விலையும் ஏறும். ஆபத்துக்கு ஏற்ற விலை என்ற கொள்கையோடு எனக்குச் சண்டையில்லை. எதை ஆபத்து என்று அளக்கிறோம் என்பதில்தான் சண்டை.

வெள்ளத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலக்கமாகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆறு ஒரு பக்கம், வீராம்பட்டினக் கடற்கரை மறு பக்கம், நடுவே கடலூர் சாலை. இவ்வளவும் சில கிலோமீட்டருக்குள். ஆற்றங்கரைத் தெருவில் நிற்கும் காருக்கும் மேட்டில் நிற்கும் காருக்கும் ஆபத்து ஒன்றல்ல. தேங்கிய தண்ணீரில் நின்ற காரைத் தெரியாமல் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீர் போய்விட்டால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் வாங்கியிருந்தால்தான் பெரும்பாலும் பணம் கிடைக்கும். அந்தக் கவர் யாருக்குத் தேவை, யாருக்கு வீண்செலவு என்று சொல்ல நிலத்தின் உயர அளவும் ஆற்றின் தூரமும் போதும். நல்ல மாதிரி உண்மையிலேயே உதவும் இடம் இது. ஆனால் இதே நுணுக்கத்தைக் கட்டுப்பாடின்றி விட்டால், ஆற்றங்கரைத் தெருவுக்கும் மீனவர் குப்பத்துக்கும் விலை எட்டாத உயரத்துக்குப் போகும். தேவை மிகுந்தவருக்கே காப்பீடு கிடைக்காமல் போகும். இடம் சார்ந்த ஆபத்துக்கு ஓர் உச்சவரம்பும், மிஞ்சும் சுமையைப் பரவலாகப் பகிரும் ஏற்பாடும் இருந்தால்தான் அது காப்பீடு.

வண்டியின் அன்றாட ஆபத்துக்கு நேரடி அளவு ஒன்று கையில் இருக்கிறது: ஓடிய கிலோமீட்டர். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் வைத்து விலை போடும் கூடுதல் திட்டங்களுக்கு வழிவிட்டது. எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்று கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் தூரத்தை அறிய இருப்பிடத்தைத் தொடர வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, புதுப்பிக்கும்போது, ஓடோமீட்டரின் படம் போதும். மீட்டரைத் திருத்துவார்கள் என்றால், கிளைம் வரும்போதும் சர்வீஸ் செய்யும்போதும் அந்த எண் மறுபடி பதிவாகிறது. அப்போது பொய் வெளிப்பட்டுவிடும். பி.ஒய். எண்ணின் பொய்யைவிட இதைப் பிடிப்பது எளிது. பிரெஞ்சு போனஸ்-மாலஸின் உறவுக்கார ஏற்பாடு நம்மிடமும் ஏற்கெனவே உண்டு: நோ கிளைம் போனஸ், 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை. ஓடிய தூரம், நோ கிளைம் போனஸ் இரண்டுக்கும் கணக்கில் முதல் எடை கொடுத்து, பதிவு ஊருக்குக் கடைசி எடை கொடுத்தால் மாதிரியின் துல்லியம் அதிகம் குறையாது என்றே நினைக்கிறேன். பிரெஞ்சுத் தரவு காட்டும் திசையும் அதுதான்.

மாதிரி எங்கள் தொழில் ரகசியம், வெளியே சொன்னால் போட்டி நிறுவனம் அள்ளிக்கொள்ளும் என்பது கடைசி ஆட்சேபம். முழு நிரலையும் யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒரு தாள். கட்டாயமாக எடுக்க வேண்டிய தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் இப்போதே அந்தத் தெளிவு இருக்கிறது. 75-லிருந்து 150 சி.சி. வரையிலான பைக்குக்கு 2022 ஜூன் முதல் 714 ரூபாய், 1000 சி.சி. வரையிலான காருக்கு 2,094 ரூபாய் என்று அரசே அறிவித்தது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு நிச்சயம் கிடைக்க வேண்டிய இடத்தில் விலை எளிமையாக இருப்பதே சரி. சொந்தச் சேதக் காப்பீட்டில் நிறுவனம் தன் விருப்பப்படி விலை போடட்டும். ஆனால் புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது, சென்ற ஆண்டைவிட விலை ஏன் மாறியது, அதில் பதிவு ஊருக்கு எத்தனை ரூபாய், வண்டியின் வயதுக்கு எத்தனை, கிளைம் வரலாற்றுக்கு எத்தனை, ஓடிய தூரத்துக்கு எத்தனை என்று தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மரங்களை அடுக்கிய மாதிரியிலிருந்தும் ஒவ்வொரு காரணியின் பங்கைப் பிரித்துச் சொல்லும் முறைகள் இன்று உண்டு. செய்ய முடியாது என்பது சாக்கு. அந்தத் தாளில் ‘பதிவு ஊர்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் தொகை தவறு என்று பட்டால், தன் வண்டி அரியாங்குப்பத்தில்தான் ஓடுகிறது என்று சர்வீஸ் ரசீதைக் காட்டி முறையிட, பாலிசிதாரருக்கு ஒரு வழியை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. திறந்துவைக்க வேண்டும்.