கல்லில் நாளும் கணினியில் நாளும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. இராசராசபுரம் என்னும் பழம்பெயரே மருவித் தாராசுரம் ஆயிற்று என்பர். அம்மன்னன் 1146 இல் பட்டம் எய்தினான் என ஆராய்ச்சியாளர் கொள்வர். ஆயினும், அந்த 1146 அவன் கல்வெட்டுகளில் இராது. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசன் பெயரைக் கூறி, அவனுக்கு 'யாண்டு இத்தனையாவது' என்றே காலம் குறிக்கும்.

அக்காலத்து மக்களுக்கு அஃது போதும். ஆளும் அரசன் இன்னான் என்பதைக் காவிரி நாட்டு உழவனும் அறிவான் அன்றோ? இடர் பின்வந்தோர்க்கே. புதிய அரசன் முடிசூடினால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். சோழருள் இராசராசர் மூவர். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களையோ அரசர் மாறிமாறிப் புனைந்தனர். 'பரகேசரிக்கு யாண்டு ஐந்தாவது' என்று மட்டும் ஒரு கல் கூறுமாயின், எந்தப் பரகேசரி? எழுத்துத் தேயாதிருந்தும் காலம் தேய்ந்து போகின்றது.

கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவை உடன் பொறிக்கப்பட்டிருந்தால் வழி உண்டு. அம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் நாட்கள் சிலவே. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, 700 முதல் 1799 வரையுள்ள ஆண்டுகளின் நாட்களுக்கு இவற்றைக் கணித்து, 1922 இல் பெரு நூலாக வெளியிட்டார். கல்வெட்டாராய்ச்சியாளர்க்கு அது பெருந்துணையாயிற்று.

இத்துணை உழைப்பு வேண்டாத கல் ஒன்றும் உண்டு. திருக்கோவலூர்ப் பகுதியில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஓர் ஊர் இருக்கின்றது. அங்குள்ள முதற் பராந்தகன் கல்வெட்டு, அவனது 36 ஆம் ஆட்சியாண்டைக் கூறுவதோடு அமையாமல், கலியுகம் பிறந்தது முதல் 14,77,037 ஆம் நாள் என்றும் குறிக்கின்றது. அந்நாள், அக்கால ஐரோப்பியக் கணக்கில் 943 ஆம் ஆண்டு சனவரி 14, சனிக்கிழமை ஆகும். அரசர் மாறினும் இவ்வெண் மாறுவதில்லை. ஒரு நாளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே செல்லும்.

கணினி நாளைக் காக்கும் முறையும் இதுவே. யூனிக்ஸ் என்னும் அமைப்பின் 1971 ஆம் ஆண்டு முதற் கையேட்டிலேயே 'டேட்' என்னும் கட்டளை இடம்பெற்றது. இன்றும் திரையில் அச்சொல்லைத் தட்டெழுதினால் நாளும் நேரமும் தோன்றும். ஆனால், உள்ளே நாளும் இல்லை, மாதமும் இல்லை. கிரீன்விச் நேரப்படி 1970 சனவரி 1 நள்ளிரவு தொடங்கி எண்ணப்பட்ட விநாடிகளே உள்ளன, நாளொன்றுக்கு 86,400. கிராமத்துக் கல்லின் கணக்கில் அத்தொடக்க நாள் 18,52,123 ஆம் நாள் ஆகும்.

வெறும் விநாடிகளை நாம் படிக்கும் உருவில் தருவதே 'டேட்' செய்யும் பணி. கட்டளையை அடுத்துக் கூட்டற்குறி இட்டு, சதவீதக் குறியுடன் ஆங்கில எழுத்தொன்றைச் சேர்த்தால் வேண்டிய பகுதி வரும். சிறிய 'டி' நாளையும், சிறிய 'எம்' மாதத்தையும், பெரிய 'ஒய்' ஆண்டையும், பெரிய 'ஏ' கிழமையையும் காட்டும். எழுத்துகளை இடம் மாற்றினால் ஆண்டு முன்னும் நாள் பின்னும் ஆகும். இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். உடை மாறுகின்றது, எண் மாறுவதில்லை. அவ்வெண்ணையே காண விரும்பினால், பெரும்பாலான கணினிகளில் சிறிய 'எஸ்' அதனைத் தரும். 2001 செப்டம்பர் 9 காலை, இந்திய நேரம் 7 மணி 16 நிமிடம் 40 விநாடிக்கு, அது நூறு கோடியைத் தொட்டது.

எனினும், இக்கணக்கையும் ஓர் ஆபத்துச் சூழ்ந்துள்ளது. பழைய கணினிகள் இவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் சிறிது. 214,74,83,647 க்கு மேல் அதில் அடங்காது. 2038 சனவரி 19 காலை, இந்திய நேரம் 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அவ்விடம் நிறையும். அடுத்த விநாடியில் அத்தகைய பொறிகள் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். புதிய கணினிகளில் இடம் பெரிதாக்கப்பட்டுவிட்டது. தொழிற்சாலைப் பொறிகளுக்குள் புதைந்து கிடக்கும் பழைய சிறு கணிப்பான்களையோ, ஒவ்வொன்றாகத் தேடித்தான் மாற்றவேண்டியுள்ளது.