சரக்கு மோட்டார் வண்டியின் சாய்வும் சக்கரக் கோணலும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலை இக்காலத்தில் பெரும்பாலும் மாட்டு வண்டியை விட்டுச் சிறிய சரக்கு மோட்டார் வண்டிகளைச் சேர்ந்துவிட்டது. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டி விற்பனைக்கு வந்த பின்பு, சொற்ப நிலமுடையவர்களும் சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொள்ளத் துணிந்தார்கள். பிக்கப் எனப்படும் சற்றுப் பெரிய வண்டிகளும் கிராமந்தோறும் காணப்படுகின்றன. மாடு ஒரு காலைத் தாங்கி நடந்தால் நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்தே கண்டுகொள்ளும் குடியானவர், தம் மோட்டார் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை மட்டும் பொருட்படுத்துவதில்லை. டயர் ஓரந்தேய்ந்து உள்நூல் வெளிப்பட்ட பின்னரே பட்டறையை நாடுகிறார்.

இச் சாய்வு பல வண்டிகளில் தானாக வந்ததன்று, வருவித்துக்கொண்டது. பாரம் ஏற்றுவோர் மூட்டையை நெஞ்சுயரம் தூக்கவேண்டியிருக்கிறதென்றும், தக்காளியும் முட்டையும் அதிர்ச்சியில் நசுங்குகின்றனவென்றும் சொல்லி, பின்புறத்து வில்பட்டைகளில் ஒன்றிரண்டைக் கழற்றி வண்டியைத் தாழ்த்திவிடுகிறார்கள். வண்டி பதிந்திருந்தால் பார்வையாயிருக்குமென்று செய்யும் வாலிபர்களும் உண்டு. அவர்களைப்பற்றி இங்கே பேச்சில்லை. முதலில் கூறியவர்களுடைய கஷ்டம் மெய்யானது. அவர்கள் தேடிய பரிகாரமே தவறானது. ஒரே திறமான ஐந்து பட்டைகள் தாங்கவேண்டிய பாரத்தை நான்கு தாங்கினால், ஒவ்வொன்றும் முன்னிலும் காற்பங்கு அதிகமாய்ச் சுமக்கிறது; அதற்கேற்ப வளைகிறது. இரு பக்கத்துப் பட்டைகளும் ஒரே அளவு தளர்வதில்லையாதலால், வண்டி தாழ்வதோடு நில்லாமல் கோணவும் செய்கிறது. நம் சாலைகள் இடதோரம் சரிந்திருப்பதால் இடப்பக்கத்துப் பட்டைகளுக்குச் சிறிது கூடுதலாகவே பாரம் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய வண்டியைச் சக்கர நேர்பார்க்கும் நிலையத்துக்கு ஓட்டிச்சென்று, கூலி கொடுத்து நேர்செய்து வருகிறார்கள். இரண்டு மாதத்தில் டயர் மறுபடியும் தேய்கிறது. உடனே நிலையத்தாரைக் குறை கூறுகிறார்கள். யந்திரம் பொய் சொல்வதில்லை. ஆனால் சாய்ந்து நிற்கும் வண்டியின் கோணத்தையே அது அளந்து சொல்லும். ஆதலால் சாய்வை முதலில் நீக்கி, சக்கர நேரைப் பிறகே பார்க்கவேண்டும். இவ்வரிசை மாறினால் கொடுத்த கூலி வீண்.

நஷ்டத்தின் அளவு இது. 600 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் ஒன்று தன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 3 மில்லிமீட்டர் கோணி நின்றால், இருநூற்றில் ஒரு பங்கு கோணல் ஆகிறது. அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 5 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 200 மீட்டர் இழுப்பு. பாரத்தோடு தார்ச்சாலையில் ரப்பரை அவ்வளவு தூரம் தேய்ப்பதற்கு ஆகும் டீசலும் உடையவரையே சாரும்.

சாய்வின் மூலத்தைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஊரிலுள்ள சிமெண்டுக் களமும், கொத்தனாருடைய மட்டக்குழாயும், அளவு நாடாவும் போதும். களம் மட்டமாயுள்ள இடத்தைக் குழாயால் சோதித்து, பாரமில்லாத வண்டியை அங்கே நிறுத்துக. ஓர் அச்சிலுள்ள இரு டயர்களும் ஒரே அளவாகவும், கம்பெனியார் குறித்த காற்றழுத்தத்தோடும் இருக்கவேண்டும். சாய்வென்று வந்த வண்டிகளில் சில இவ்விடத்திலேயே நேராகிவிடும். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே மட்காப்பின் விளிம்பு வரைக்கும் உள்ள உயரத்தை நான்கு சக்கரங்களிலும் அளந்து குறித்துக்கொள்க. தரையிலிருந்து அளப்பது போதாது. டயரின் குறையும் பட்டையின் குறையும் அதில் கலந்துவிடும்.

அளவில் வித்தியாசம் கண்டவுடன் தாழ்ந்த மூலையைத் தூக்கிவிடுவது பொதுவான பிழை. ஒரு கால் குட்டையான கட்டிலில் எந்தக் கால் குறையென்று பாராமல் வேறொன்றுக்கு ஆப்பு வைத்தால் ஆட்டம் நிற்காது. வண்டியும் அத்தன்மையதே. முன்பக்கச் சாய்வு பின்பட்டையின் தளர்ச்சியால் வரலாம். இதைத் தெளிய, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூண்டின்கீழ் ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்கள் தரையை விட்டு ஓரங்குலம் எழும்படி தூக்கவேண்டும். இப்போது பின்னச்சு ஒரே புள்ளியில் நிற்பதால், வண்டியின் சாய்வை முன்பட்டைகளே தீர்மானிக்கின்றன. முன்பக்கத்து இரு உயரங்களும் சமமாகிவிட்டால் குற்றம் பின்புறத்தில். சாய்வு மாறாதிருந்தால் முன்புறத்தில். இந்நிலையில் ஒருவரும் வண்டியின்கீழ் நுழையலாகாது. ஒற்றை ஜாக்கியை நம்பினவர்கள் கெட்டிருக்கிறார்கள்.

பட்டையில் குறை கண்டால், கழற்றியதைத் திரும்பப் போடுவதே முறை. தளர்ந்த பட்டையை வாயு நெருப்பில் காய்ச்சி அடித்து வளைப்பது சில பட்டறைகளில் நடக்கிறது. அவ்விதம் காய்ச்சினால் வில்லெஃகின் பதம் போய்விடும், சில மாதத்தில் மீண்டும் படியும். ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்றுக. அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, பாரத்தோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்கவேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் நின்று பாரந்தாங்கும் நிலையிலேதான் இறுதியாக முடுக்குவது. அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியின் உயரத்தையே மாற்றும்.

யு-போல்ட் தளர்ந்த வண்டியில் நடு போல்ட் அறுந்து, பின்னச்சு ஒரு பக்கம் நகர்ந்துபோவதும் உண்டு. அவ்வண்டி நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் ஓடும். நேர்சாலையில் பின்னால் வருகிறவருக்கு இது நன்றாய்த் தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன்சக்கரங்களை நேரே வைத்து, முன் மையத்திலிருந்து பின் மையம் வரைக்கும் இரு பக்கமும் அளந்தால் குட்டு வெளிப்படும்.

இவ்வளவும் சரியான பின்பே முன்சக்கரங்கள். இரு வகை அமைப்புகள் உள. முழு அச்சும் பட்டையுமுள்ள வண்டியில், தாழ்த்துவதால் சக்கரத்தின் மேல்சாய்வு மாறாது. ஆயினும் ஸ்டீரிங் கம்பியின் கோணம் மாறிக் கைச்சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்பில் விஷயம் வேறு: முன்புறம் தாழ்ந்தால் சக்கரங்களின் தலை உட்புறமாய்ச் சாய்ந்து, உள்ளோரம் தேயும். உள்ளோரம் வெளிப்பார்வைக்கு மறைவாதலால், டயர் வெடிக்கும்வரை கவனியாதவர்கள் பலர். வாரத்துக்கொருமுறை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பது நலம். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் அரம்போன்ற முறுமுறுப்பும் தட்டினால், சக்கரங்கள் கூடியோ விரிந்தோ நிற்கின்றன என்று கொள்க.

அதை அளக்க, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவே ஆணியால் ஒரு மெல்லிய கோடு கிழிக்கவேண்டும், மறுசக்கரத்திலும் அவ்விதமே. வண்டியை இறக்கிச் சிறிது தூரம் முன்னே தள்ளி நிறுத்தி, இரு கோடுகளுக்குமுள்ள இடைவெளியை மைய உயரத்தில் டயர்களின் முன்புறத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக அளக்க. முன்னளவு பின்னளவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைந்திருப்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். கம்பெனியார் புத்தகத்தில் கண்ட அளவே முடிவானது. வித்தியாசம் மிகுந்தால் அப்போது நிலையத்துக்குப் போகலாம். கொடுக்கும் கூலிக்குப் பலன் உண்டு.

சட்டத்தையும் உத்தியோகஸ்தர்கள் குடிகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நடவு நாட்களில் பெண்களைச் சரக்கு வண்டியில் நிறுத்தி ஏற்றிச் செல்வதும் கூடாத காரியம். பட்டை குறைந்து சாய்ந்த வண்டி, வாய்க்கால் கரைத் திருப்பத்தில் அத்தனை பேரோடும் கவிழ எவ்வளவு நேரமாகும்?

ஏற்றும் சிரமத்துக்கு வழி வண்டியில் இல்லை, தரையில் இருக்கிறது. களத்தோரம் வண்டித் தட்டின் உயரத்துக்கு மண்ணும் கல்லுமிட்டு ஒரு மேடை கட்டலாம். அல்லது வண்டி பின்வாங்கி இறங்கும்படி சரிவான பள்ளம் தோண்டி, மழைநீர் வடிய ஒரு வாய் விட்டால், மூட்டையைத் தூக்காமலே உருட்டி ஏற்றலாம். ஊர்ப் பொதுக்களத்தில் இதைச் செய்தால் பல வண்டிகளுக்கும் ஒரே மேடை உதவும். தக்காளிக்கோ, பட்டையைக் குறைப்பதைவிடக் கூடைக்கு அடியில் வைக்கோல் இடுவதும், கூடைகளை இரு பக்கமும் ஒப்ப அடுக்குவதும் போதும்.