மாமா அமெரிக்காவுக்கு நோட்டு ஏத்துமதி பண்ணப் போறார். நான் 8 லட்சம் போடலாமா?



2025 ஏப்ரல் கடைசி வாரம். சென்னைல ஐடி கம்பெனில வேலை பார்க்கிற ஒரு தம்பி போன் பண்ணினார். சொந்த ஊர் சிவகாசி. அவரோட தாய்மாமா அங்க நோட்டு, டைரி போடுற சின்ன யூனிட் வச்சிருக்கார். மாமா சொன்னது இதுதான்: "மாப்ள, சைனாக்காரனுக்கு அமெரிக்கால 145 சதவீதம் வரி போட்டுட்டாங்க. நமக்கு வெறும் 10. இப்ப விட்டா இனிமே சான்ஸ் கிடைக்காது. 8 லட்சம் போட்டு ஸ்லீப்பிங் பார்ட்னரா சேர்ந்துக்கோ."

தம்பி கையில இருந்தது 3 லட்சம். மீதி 5 லட்சத்துக்கு பர்சனல் லோன் ரெடியா இருக்குன்னு பேங்க் ஆப் காட்டுது. "அண்ணா, போடலாமா?"ன்னு கேட்டார்.

மாமா சொன்ன எந்த நம்பரும் பொய் இல்லை. ஆனா ஒரு நாட்டோட நம்பரை வச்சு நம்ம சரக்கோட விதியை முடிவு பண்ண முடியாது. அதுக்கு நடுவுல நாலு படி இருக்கு. வெளிநாட்டு மார்க்கெட்ல காசு போடச் சொல்லி யார் வந்தாலும் இந்த நாலு படியையும் ஏறிப் பாருங்க.

படி 1: "பெரிய மார்க்கெட்"னா எது பெரிசு?

நம்ம ஊருக்குத் தெரிஞ்ச பட்டாசையே எடுத்துக்குவோம். அமெரிக்க பட்டாசுத் தொழில் சங்கம் சொல்ற கணக்குப்படி, அங்க வீட்டு உபயோகப் பட்டாசு விற்பனை 2019ல சுமார் 100 கோடி டாலர். 2020ல சுமார் 190 கோடி. ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட டபுள்! இதை வச்சு நேர்கோடு போட்டா அடுத்த வருஷம் 280 கோடி வரணும். வந்தது சுமார் 220 கோடி. அதுக்கப்புறம் அங்கயே நின்னுடுச்சு. காரணம் கொரோனா. ஊர்ப் பொது வாணவேடிக்கை எல்லாம் ரத்தானதால ஜனங்க வீட்டுலயே வெடிச்சாங்க. அது ஒரு வருஷத்து விசேஷம், டிரெண்ட் இல்லை.

சரி, 220 கோடி டாலரும் நமக்குத் திறந்து கிடக்கா? அங்க விக்கிற வீட்டு உபயோகப் பட்டாசுல கிட்டத்தட்ட 99 சதவீதம் சீனாவுல இருந்து போகுது. தரையில வைக்கிற ஒரு வெடியில 50 மில்லிகிராமுக்கு மேல வெடிமருந்து இருக்கக் கூடாதுங்கிறது அமெரிக்க விதி. நம்ம அணுகுண்டு வெடி அங்க கடைக்கே போக முடியாது. மார்க்கெட் பெரிசுதான். நம்ம சரக்குக்கு அதுல எவ்வளவு இடம்ங்கிறதுதான் கேள்வி.

அதனால முதல் வேலை, பொருளோட ஹெச்எஸ் கோடு பார்க்கிறது. பட்டாசுக்கு 3604, நோட்டு டைரிக்கு 4820. மத்திய வர்த்தக அமைச்சகத்தோட ஏற்றுமதி டேட்டா பேங்க்ல இந்தக் கோடைப் போட்டா, எந்த நாட்டுக்கு எந்த வருஷம் எவ்வளவு போச்சுன்னு இலவசமா வரும். ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காதீங்க. அஞ்சு வருஷமாவது பாருங்க.

படி 2: அமெரிக்கா ஒரே மார்க்கெட் இல்லை

மாசசூசெட்ஸ் மாநிலத்துல பொதுமக்கள் பட்டாசு வெடிக்கவே தடை. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர்ல கடை போட்டு விக்கிறாங்க. தேசிய சராசரியில இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நோட்டுக்கும் இதே கதைதான். நோட்டு வாங்குறது பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அமெரிக்க அரசுப் பள்ளிகள்ல 2022ல சுமார் 4.96 கோடி மாணவர்கள் இருந்தாங்க. 2031ல அது சுமார் 4.69 கோடியா குறையும்னு அந்த நாட்டு கல்விப் புள்ளியியல் மையம் கணிச்சிருக்கு. கலிபோர்னியா, நியூயார்க் மாதிரி பெரிய மாநிலங்கள்ல ஏற்கனவே இறங்கிட்டு இருக்கு. ஆக, மாமாவோட பையர் எந்த மாநிலத்துல விக்கிறார்னு தெரியாம அவர் காட்டுற டிமாண்டை நம்ப முடியாது.

இதுக்கு ஒரு நல்ல இலவசக் கருவி இருக்கு. அமெரிக்க மத்திய வங்கி வருஷத்துக்கு 8 தடவை "பெய்ஜ் புக்"னு ஒரு அறிக்கை விடுது. நாட்டை 12 வட்டாரமா பிரிச்சு, எங்க கடை வியாபாரம் எப்படி, எங்க ஜனங்க செலவைக் குறைக்கிறாங்கன்னு எளிமையா எழுதியிருப்பாங்க. பையர் இருக்கிற வட்டாரத்தைப் படிக்க பத்து நிமிஷம் போதும்.

படி 3: விதிமுறை, வரி

இங்கதான் மாமாவுக்கே ஆச்சரியம். இந்தியா, சீனா, இந்தோனேஷியாவுல இருந்து வர்ற கோடு போட்ட நோட்டுகள் மேல 2006 செப்டம்பர்ல அமெரிக்கா குவிப்புத் தடுப்பு வரி போட்டுச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை உண்டு. இந்தியாவுக்கு அதை நீட்டிச்சிருக்காங்க. சாதாரண சுங்க வரிக்கு மேல இது தனி. அதுலயும் ரேட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இறக்குமதி பண்றவர் முதல்ல டெபாசிட் கட்டுவார். கடைசி ரேட் பின்னாடிதான் முடிவாகும். அதனாலயே சில பையர்ங்க புதுக் கம்பெனிகிட்ட வாங்கத் தயங்குவாங்க. ஆனா சுவர் காலண்டர், மேஜைக் காலண்டர், அப்பாயின்ட்மென்ட் டைரி எல்லாம் இந்த வரிக்குள்ள வராது. ஒரே பிரஸ்ல அடிச்சாலும் நோட்டுக்கு ஒரு சட்டம், காலண்டருக்கு ஒரு சட்டம்!

அடுத்தது புது வரி. 2025ல கூடுதலா போட்டதை மட்டும் பாருங்க:

- ஏப்ரல்: சீனா 145, இந்தியா 10
- மே மத்தியில்: சீனா 30, இந்தியா 10
- ஆகஸ்ட் 27: சீனா 30, இந்தியா 50

மாமா சொன்ன "சான்ஸ்" நாலே மாசத்துல தலைகீழாச்சு. அதுக்கப்புறமும் ரேட் மாறிக்கிட்டுதான் இருக்கு. பெரிய நிபுணர்களோட கணிப்பும் இப்படித்தான். 2025ல அமெரிக்கா 2.7 சதவீதம் வளரும்னு ஐஎம்எஃப் ஜனவரில சொல்லுச்சு. ஏப்ரல்லயே அதை 1.8 ஆக்கிடுச்சு. இதுக்காக அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. கணிப்புங்கிறது அன்னைக்குத் தெரிஞ்சதை வச்சுப் போடுற கணக்கு. அதை வாக்குறுதியா எடுத்துக்கிட்டு லோன் போடுறதுதான் தப்பு.

படி 4: காசு எப்ப திரும்பும்?

ஒரு மாதிரிக் கணக்கு. நோட்டு பண்டல் விலை 100 ரூபாய், அதுல மாமாவுக்கு லாபம் 10. வரி 10ல இருந்து 50 ஆனா, பையருக்கு 40 ரூபாய் கூடுதல் சுமை. "பாதியை நீங்க ஏத்துக்கோங்க"ன்னு சொன்னா 20 ரூபாய் போச்சு. லாபம் 10 போய், கைக்காசு 10 நஷ்டம்.

இன்னொண்ணு சீசன். அமெரிக்காவுல தெற்கு மாநிலப் பள்ளிகள் பல ஆகஸ்ட் தொடக்கத்துலயே திறந்துடும். தூத்துக்குடில ஏத்தின சரக்கு போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அப்போ ஏப்ரல், மேலயே சரக்கு கிளம்பணும். நம்ம ஊர்ல ஜூன் ஸ்கூல் திறப்புக்கு நோட்டு அடிக்கிற உச்ச சீசனும் அதேதான்! ஒரே மிஷின், ஒரே ஆளுங்க, ரெண்டு சீசன். பேப்பருக்கு முன்பணம், பையர் தர்றதோ 60 நாளோ 90 நாளோ கழிச்சு. அதுவரைக்கும் லோன் இஎம்ஐ தம்பி சம்பளத்துல இருந்துதான் போகும்.

அப்போ தம்பிக்கு என்ன சொன்னேன்?

1. லோன் வாங்கிப் போடாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, முழுசா போனாலும் தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ அதுதான் லிமிட்.

2. ஸ்லீப்பிங் பார்ட்னர் வேண்டாம். நீங்க தூங்கினாலும் கடன் தூங்காது. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, தொழில்ல தலையிடாத பார்ட்னரும் கம்பெனிக் கடனுக்கு முழுப் பொறுப்பு. போட்ட 8 லட்சத்தோட நிக்காது. சேரணும்னா எல்எல்பி மாதிரி பொறுப்புக்கு வரம்பு உள்ள அமைப்பைப் பாருங்க.

3. பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடாதீங்க. மாமா கட்டலைன்னா பேங்க் நேரா உங்ககிட்ட வரலாம்.

4. உதவி பண்ணியே ஆகணும்னா, சின்னத் தொகையைக் கடனா எழுதி வாங்கி, பேங்க் வழியா கொடுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கினா வருமான வரிச் சட்டத்துல மாமாவுக்கு அபராதம் வரலாம்.

5. மாமா முதல்ல சாம்பிள் ஆர்டர் அனுப்பட்டும். பையர் காசு தராமப் போனா காப்பாத்த, மத்திய அரசோட இசிஜிசி நிறுவனத்துல ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கு. அதை எடுக்கட்டும்.

தம்பி பார்ட்னரா சேரலை. ஒரு லட்சம் மட்டும் எழுதி வாங்கிக் கொடுத்தார். மாமாவுக்கு ரெண்டு மாசம் வருத்தம், போன்கூட எடுக்கலை. ஆகஸ்ட் கடைசில பையர் "ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க"ன்னு மெயில் போட்டார். சாம்பிள் அளவுதான் போயிருந்ததால அடி சின்னது. இப்ப மாமா காலண்டருக்கு வேற நாட்டு பையர் தேடுறார். இந்தத் தடவை ஹெச்எஸ் கோடு பார்த்துக் கொடுத்தது மருமகன்தான்.

உங்க வீட்டு மாமாவும் நல்ல மனசுலதான் கூப்பிடுவார். முடியாதுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லாதீங்க. "மாமா, இந்த நாலு கேள்விக்கும் பதில் எடுத்துட்டு சேர்ந்து உட்காருவோம்"னு சொல்லுங்க. பதில் தேட ஒரு ஞாயித்துக்கிழமை போதும். பர்சனல் லோன் கட்டி முடிக்க அஞ்சு வருஷம் ஆகும்.

அடுத்த வீடியோல ஏற்றுமதிக்கு ஐஇசி எண் எடுக்கிறதை ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம்.