ஒரு நாள் பெட்ரோல் போடாவிட்டால் விலை குறையுமா?

போன புரட்டாசியில் எங்கள் குடும்ப வாட்சப் குழுவுக்குச் சித்தப்பா ஒரு குரல் பதிவை அனுப்பினார். யாரோ ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார்: வர்ற ஞாயித்துக்கிழமை நாடு முழுக்க ஒருத்தனும் பெட்ரோல், டீசல் போடக்கூடாது, ஒரே நாளில் கம்பெனிக்காரன் காலில் விழுவான், லிட்டருக்கு முப்பது ரூபாய் குறையும். இதே கதை 1999இல் அமெரிக்காவில் மின்னஞ்சலாகச் சுற்றியது. ஏப்ரல் 30 அன்று யாரும் பெட்ரோல் போடாதீர்கள் என்று. அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை.

குழுவில் பலரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். சித்தப்பா மறக்கவில்லை. குளத்தூரில் அவருக்கு ஒரு டிராக்டர் இருக்கிறது. ஞாயிறு அன்று டேங்கில் டீசல் இல்லை, கேனை எடுத்துக்கொண்டு பல்குக்குப் போகவும் இல்லை. (வெளியூர்க்காரர்கள் பங்க் என்பதை எங்கள் பக்கம் பல்க் என்போம்.) அன்று இரவு மழை கொட்டிவிட்டது. கரிசலைத் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த கரிசலில் டிராக்டர் இறங்காது, காய்ந்துவிட்டால் கலப்பை இறங்காது. நடுவில் இருக்கிற பதம் நாலைந்து நாள்தான். பக்கத்துப் புஞ்சையில் ஞாயிறு அன்றே உளுந்து விதைத்து முடித்திருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பத்து நாள் தள்ளிப்போனது.

"ஏய்யா, நீ படிச்சவன்தான, சொல்லு. நான் ஒரு நாள் போடாததுல எவனுக்கு என்ன நட்டம்?"

போனில் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததன் குறிப்புதான் இது.

முதலில் அளவு. 2023-24இல் இந்தியா பயன்படுத்திய பெட்ரோல் ஏறக்குறைய 3.7 கோடி டன். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் டன் என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த எண்ணெயில் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதாவது நாடே ஒற்றுமையாக நின்றாலும் உலகச் சந்தையில் ஒரு இருமல் சத்தம்தான். அதுவும் நிஜமான குறைவு கிடையாது. ஞாயிறு போடாதவர் சனிக்கிழமை போட்டிருப்பார், இல்லை திங்கட்கிழமை போடுவார். வண்டி ஓடிய தூரம் குறையவில்லை என்றால் விற்பனை நாள்தான் மாறுகிறது.

"எல்லாக் கம்பெனியும் வேண்டாம், ஒரே ஒரு கம்பெனியை மட்டும் ஒதுக்குவோம்" என்று இன்னொரு யோசனையும் சுற்றுவதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான பல்க்குகள் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று அரசு நிறுவனங்களுடையவை. ஒரு கம்பெனி டெப்போவில் இன்னொரு கம்பெனியின் லாரி எண்ணெய் ஏற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். போர்டின் நிறம்தான் வேறு. அடி விழுவது லிட்டருக்குச் சில ரூபாய் கமிஷனில் கடையை ஓட்டுகிற டீலருக்கும், அங்கே குழாய் பிடிக்கிற பையனுக்கும்தான்.

அப்படியென்றால் புறக்கணிப்பு என்பதே வெறும் வேடிக்கையா? இல்லை. குளத்தூரிலிருந்து கிட்டத்தில் இருக்கிற ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

தூத்துக்குடி-கொழும்பு கடல் வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். முதலில் வாடகைக் கப்பல், அதற்கும் வெள்ளைக்காரன் இடைஞ்சல் கொடுக்கவே கொழும்பிலிருந்து வேறொரு கப்பல், பிறகு 1907இல் சொந்தமாகவே காலியா, லாவோ என்று இரண்டு. வணிகர்களும் பயணிகளும் சுதேசிக் கப்பலுக்கு மாறினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது, சுதேசி அரை ரூபாய்க்கு வந்தது, கடைசியில் வெள்ளைக்காரன் "சும்மாவே வா, குடையும் தருகிறேன்" என்றான் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். புறக்கணிப்பு ஒரு விலையைப் பூஜ்யம் வரை இறக்கியதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் இறங்கியது? துறைமுகத்தில் இன்னொரு கப்பல் நின்றது. பயணி கொழும்புக்குப் போகாமல் வீட்டில் உட்காரவில்லை, வேறு கப்பலில் போனான். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள், 1911இல் கம்பெனியே கலைந்தது. மாற்றை நிறுத்தினால் புறக்கணிப்பும் நின்றுவிடும் என்பது ஆள்பவர்களுக்கும் தெரிந்திருந்தது.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்றபோதும் இதே கணக்குதான். கோக் இல்லையென்றால் பொவண்டோ இருந்தது. அதுவும் இல்லையென்றால் மோர் இருந்தது. டீசலுக்குப் பதில் சித்தப்பா டிராக்டரில் மோரை ஊற்ற முடியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "ஒரு நாள் போதாது, மாசக்கணக்கில் செய்தால் குறையும்" என்பார்கள். அந்தச் சோதனையை நாம் ஏற்கனவே செய்து பார்த்துவிட்டோம். 2020 ஏப்ரல், ஊரடங்கு. முந்தைய ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிட்டால் நாட்டின் பெட்ரோல் விற்பனை 60 சதவீதம் விழுந்தது, டீசல் பாதிக்கும் கீழே போனது. எந்த வாட்சப் புரட்சியாலும் இப்படி ஒரு புறக்கணிப்பைக் கூட்ட முடியாது. உலகம் முழுக்க இதே நிலை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. வாங்குகிறவனுக்கு விற்கிறவன் காசு கொடுக்க வேண்டிய நிலை.

பல்க்கில் என்ன நடந்தது? மார்ச் 14 அன்று மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் ஏற்றியது. மே முதல் வாரத்தில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் மேலும் ஏற்றியது. அதே நேரத்தில் தமிழக அரசும் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்த, இங்கே பெட்ரோல் 3 ரூபாய் 25 காசும் டீசல் 2 ரூபாய் 50 காசும் கூடியது. தினசரி விலை மாற்றம் 82 நாள் நின்றிருந்தது. ஜூன் 7 முதல் மறுபடி ஏற ஆரம்பித்தது. அதாவது நாம் வாங்காததால் எண்ணெய் விலை நிஜமாகவே விழுந்தது. விழுந்த பழம் நம் மடிக்கு வரவில்லை, வழியிலேயே வரியாகப் பொறுக்கிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலிலும் கச்சா விலை இறங்கியபோது கலால் 2 ரூபாய் ஏறியது, பல்க் விலை அசையவில்லை.

கம்பெனிகள் பங்கும் உண்டு. காகிதத்தில் பெட்ரோல் விலை 2010 முதல், டீசல் விலை 2014 முதல் சந்தைக்கு விடப்பட்டது. ஆனாலும் 2022இல் கச்சா உச்சத்தில் இருந்தபோது நஷ்டத்தில் விற்ற மூன்று நிறுவனங்களும், கச்சா இறங்கிய பிறகு விலையை இறக்கவில்லை. 2023-24இல் மூன்றும் சேர்ந்து பார்த்த லாபம் ஏறக்குறைய 81,000 கோடி.

விலை எப்போதுதான் இறங்கியிருக்கிறது? தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. தேர்தல் வாக்குறுதி 5 ரூபாய், வந்தது மூன்று. 2021 நவம்பரில் இடைத்தேர்தல் முடிவுகள் வந்த மறுநாள் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. 2022 மே மாதம் விலைவாசி தலைக்கு மேல் போனபோது 8ம் 6ம். 2024 மார்ச்சில் 2 ரூபாய், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கச் சரியாக ஒன்றிரண்டு நாள் முன்பு. இதில் ஒன்றுகூட பல்க் வாசலில் நடந்த முடிவு இல்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப வாங்காம இருக்கவே முடியாதா?"

வாங்காமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர் வீட்டிலேயே. 2021 மே முதல் சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு சித்தி விளாத்திகுளத்துக்கு மகனின் பைக்கில் ஏறுவதே இல்லை. அந்த லிட்டர்கள் நாள் மாறவில்லை, போனது போனதுதான். அதனால் பெட்ரோல் விலை இறங்கிவிடாது, சித்தியின் செலவு இறங்கியது. உழவுக்கு அப்படி ஒரு பஸ் இன்னும் வரவில்லை. இந்த வருஷம் ஆவணியிலேயே சித்தப்பா ரெண்டு கேன் டீசல் வாங்கித் தொழுவத்தின் ஓரமாக வைத்திருக்கிறார். அந்த வாட்சப் குழுவிலிருந்து மட்டும் இன்னும் வெளியேறவில்லை.