கரையோர மனிதர்கள் – 9: பக்கத்துக் குடைக்காரர்கள்

ஜூலை மாதத்தில் இத்தாலியின் ரிமினி நகரத்துக் கடற்கரைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கடல் அல்ல, குடைகள். ஆட்ரியாட்டிக் கடலை ஒட்டிச் சுமார் 15 கிலோமீட்டர் நீளும் மணற்பரப்பில், அளவெடுத்து நட்டதுபோல வரிசை வரிசையாக நிற்கின்றன. கொஞ்ச தூரம் நடந்தால் குடையின் நிறம் மாறும். அடுத்த குளியல் நிலையம் அங்கே தொடங்குகிறது. உடைமாற்றும் அறை, நன்னீர்க் குழாய், காபிக் கடை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. ரிமினியில் இந்த நிலையங்களை எண்ணை வைத்தே அடையாளம் சொல்கிறார்கள்.

குடைக்கும் அதன் கீழே கிடக்கும் சாய்வுக் கட்டில்களுக்கும் வாடகை. கடலை ஒட்டிய முதல் வரிசைக்குக் கூடுதல் கட்டணம். பின்னால் போகப் போகக் குறையும். ஜெர்மனியிலிருந்தோ ஸ்வீடனிலிருந்தோ முதல்முறை வருபவர், முன்னால் ஆளில்லாத இடத்தைப் பார்த்துத் துண்டை விரித்தால், ஊழியர் வந்து மரியாதையாக எழுப்பிவிடுவார். ஆள் இல்லையே தவிர, அந்த இடம் பருவம் முழுவதற்கும் ஒரு குடும்பத்துக்குப் பதிவாகியிருக்கும். சென்ற ஆண்டும் அவர்களுக்குத்தான். பக்கத்துக் குடையிலும் அதே பழைய முகங்கள். குளிர்காலமெல்லாம் பார்த்துக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கின்றன: யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்கு மூட்டுவலி, பேரன் எந்தப் படிப்பில் சேர்ந்தான்.

வட ஐரோப்பியர் இதைக் கண்டு மலைப்பதில் நியாயம் உண்டு. அவர்கள் கடலுக்கு வருவதே மனிதர்களிடமிருந்து சற்று விலகி இருக்கத்தான். இத்தாலியக் குடும்பமோ மனிதர்களைத் தேடித்தான் வருகிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் அடுத்த கட்டில் கிடப்பது அவர்களுக்கு நெரிசலாகவே படுவதில்லை. கடற்கரை விடுமுறையில் தெரியும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

மதிய உணவு முடிந்ததும் இன்னொரு வேறுபாடு தெரியும். வெளிநாட்டுக் குழந்தைகள் ஐஸ்கிரீமை விழுங்கிய கையோடு தண்ணீரில் குதிப்பார்கள். இத்தாலியக் குழந்தைகளோ நிழலில் உட்கார்ந்து மணி பார்ப்பார்கள். சாப்பாடு செரிக்காமல் கடலில் இறங்கக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். சில வீடுகளில் இரண்டு மணி நேரம், சில வீடுகளில் மூன்று. கெஞ்சினாலும் பயன் இல்லை. குளித்து வந்தவுடன் ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டியாக வேண்டும். ஈரத்தோடு காற்றில் நின்றால் வயிற்றில் குளிர் தாக்கும் என்பார் பாட்டி. வயிறு நிறைந்து நீந்துவதால் ஆள் மூழ்கிப்போவார் என்பதற்கு நல்ல மருத்துவச் சான்று கிடையாது. ஆனாலும் அந்தச் சட்டம் தளரவில்லை.

கடல் ஒரு காலத்தில் மருந்தாக இருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ரிமினியின் முதல் குளியல் நிலையம் 1843இல் திறந்தபோது, கடல் குளியல் என்பது மருத்துவர் சொல்லிச் செய்யும் சிகிச்சை. மேற்குக் கரையில் வியாரெஜ்ஜோவில் 1828இலேயே ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனி நிலையங்கள் எழுந்தன. திரியெஸ்தே நகரத்தில் அந்தப் பிரிவினை இன்றும் இருக்கிறது. 1903இல் தொடங்கிய, ஊரார் ‘பெதோசின்’ என்றழைக்கும் சிறிய கடற்கரையின் குறுக்கே வெள்ளைச் சுவர் நிற்கிறது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்களும் சிறு குழந்தைகளும். வெளியூர்க்காரர் பழமைவாதம் என்று முகம் சுளிக்கலாம். அங்கே குளிக்க வரும் பெண்களில் பலர், யார் பார்வையும் படாமல் நிம்மதியாகப் படுத்திருக்க முடிகிறது என்று சொல்லி அந்தச் சுவரை விரும்பி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்குத்தான் முதல் மதிப்பு தர வேண்டும்.

இத்தாலியக் குடும்பங்களுக்கு இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு, அதன்பின் குடும்பத்தோடு வீதியில் நடை. பதினொரு மணிக்கும் கைக்குழந்தைகள் விழித்திருப்பதைப் பார்த்து, ஏழரைக்கே பிள்ளைகளைத் தூங்கவைக்கும் ஆங்கிலேயப் பெற்றோர் திகைத்துப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 15 வந்தால் நாடே கரையோரம் இருக்கும். ஃபெர்ரகோஸ்தோ என்னும் அந்தத் திருநாளின் வேர் அகஸ்டஸ் பேரரசர் அறிவித்த ஓய்வுநாட்களில் இருக்கிறது; பின்னாளில் மேரியன்னையின் விண்ணேற்பு விழா அதோடு சேர்ந்துகொண்டது. உள்நாட்டு நகரங்களில் கடைகள் பல அடைத்தே கிடக்கும். தீனோ ரீசி 1962இல் எடுத்த ‘இல் சொர்பாஸ்ஸோ’ திரைப்படம் அப்படி வெறிச்சோடிய ரோமில்தான் தொடங்குகிறது.

இத்தனை பாசத்தோடு ‘என் குடை’ என்கிறார்களே, அந்த மணல் யாருடையது? சட்டப்படி அரசுடையது. நிலையம் நடத்துபவர் உரிமம் மட்டுமே பெற்றவர். கடல்நீரின் விளிம்புவரை யாரும் இலவசமாக நடந்துபோவதை அவர் தடுக்க முடியாது. ஆனால் உரிமங்கள் ஏலமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களிடம் நீடித்தன. போட்டிக்கு வழிவிடச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006இலேயே வந்துவிட்டது. அந்த விதியால் தங்கள் உரிமங்கள் என்னவாகும் என்ற கவலையில், 2024 ஆகஸ்ட் 9 அன்று நிலையம் நடத்துபவர்கள் பலர் காலையில் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதமே அரசு உரிமங்களை 2027 செப்டம்பர்வரை நீட்டித்தது. பொதுச்சொத்துக்கு ஏலம் நடப்பதுதான் முறை. அதற்கான நிபந்தனைகளை எழுதும் நகராட்சிகள், கட்டணமில்லாத மணற்பரப்பை அதிகமாக்கவும், வருடாவருடம் வரும் பழைய குடும்பங்கள் வாடகை உயர்ந்து வெளியேறாமல் காக்கவும் சேர்த்தே வழி செய்ய வேண்டும்.