4 மகள்களின் தாய் எங்கே? 3 ஆண்டு நீடித்த மர்மம்!

திண்டிவனம் பஸ் நிலையச் சுவரிலும், மேம்பாலத் தூணிலும், ரெயில் நிலைய வாசலிலும் "காணவில்லை" நோட்டீஸ் ஒட்டுவது புதிது அல்ல. ஒரு போட்டோ. பெயர், வயது, உயரம், கடைசியாகக் கட்டியிருந்த சேலையின் நிறம். அடியில் போன் நம்பர். இரண்டு மழை பெய்தால் பாதி கிழிந்து விடும். மீதிப் பாதி மேல் சினிமா போஸ்டர் ஏறி விடும்.

அந்தப் போட்டோவில் இருப்பது வேலைக்குப் போய் குடும்பத்தைத் தாங்கிய ஒரு தாய் என்றால், பஸ்சுக்கு நிற்கிறவர்கள் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

"எங்கியாவது போயிருக்கும்பா. தானா வரும்!"

அதோடு பேச்சு முடிந்தது. பஸ் வந்தால் எல்லோரும் ஏறி விடுவார்கள்.

இப்படி "போயிருக்கிறார், வந்து விடுவார்" என்ற ஒரே பேச்சை நம்பவைத்து, ஒரு தாயின் கதியை ஏறக்குறைய 3 ஆண்டு மூடி மறைத்த வழக்கு ஒன்று பக்கத்து மாநிலத்தில் நடந்தது. நாட்டையே உலுக்கிய பெங்களூர் ஷகெரே வழக்குதான் அது. அது பற்றிய விவரம் வருமாறு:-

திவானின் பேத்தி

ஷகெரே சாதாரண வீட்டுப் பெண் அல்ல. மைசூர் சமஸ்தானத்தில் 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. கிருஷ்ணராஜசாகர் அணை அருகே பிருந்தாவனத் தோட்டத்தை அமைத்தவர் என்றால் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் அவரைப் புரியும். ஷகெரேயின் பெயரில் பெங்களூரில் ஏராளமான சொத்து. வீட்டில் சும்மா இருக்காமல் நில, கட்டிடத் தொழிலிலும் இறங்கியிருந்தார். கணவர் அக்பர் கலீலி வெளிநாட்டுத் தூதரகப் பணியில் பெரிய அதிகாரி. 4 மகள்கள்.

1983-ம் ஆண்டு வாக்கில் டெல்லியில் ஒரு பிரமுகர் வீட்டில் முரளி மனோகர் மிஸ்ரா என்பவர் அறிமுகம் ஆனார். "சுவாமி சிரத்தானந்தா" என்று தன்னை அழைத்துக் கொண்டவர். சொத்து விவகாரங்களில் உதவுவதாகச் சொல்லி வீட்டுக்குள் வந்தார். 1985-ல் ஷகெரே விவாகரத்து பெற்றார். 1986 ஏப்ரலில் அந்த சாமியாரையே பதிவுத் திருமணம் செய்து கொண்டார். இருவரும் ரிச்மண்டு ரோடு 81-ம் எண் வீட்டில் குடியிருந்தார்கள்.

இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு சொந்த பந்தம் விலகியது. ஆனால் பம்பாயில் இருந்த இரண்டாவது மகள் மட்டும் தாயை விடவில்லை. அடிக்கடி போன் பேசுவார், வந்து பார்ப்பார். இந்த ஒரு மகள் இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

"அமெரிக்கா போயிருக்கிறார்!"

1991 மே மாதக் கடைசி. மகள் போன் செய்தார். தாய் வரவில்லை. சாமியார்தான் எடுத்தார்.

"அம்மா ஐதராபாத் போயிருக்கிறார்" என்றார்.

சில நாள் கழித்து மறுபடியும் போன். இந்த முறை, ஒரு வைர வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்காக கட்ச் பகுதிக்குப் போயிருப்பதாகப் பதில். அடுத்த முறை கேட்டபோது, வருமான வரித் தொல்லை, அதனால் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார் என்றார். மகள் நேரில் வந்து நின்றதும் கதை இன்னும் நீண்டது. ஷகெரே கர்ப்பமாக இருக்கிறார், பிரசவத்துக்காக அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்றார் சாமியார்.

மகள் சும்மா விடவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே விசாரித்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பதில் வந்தது. உடனே அமெரிக்கா, லண்டன் ஆனது!

இதை எல்லாம் ஒரே நாளில் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருப்பார்கள். மாதத்துக்கு ஒன்றாகச் சொன்னதால் ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு எடுபட்டது. வாழ்ந்த வீடு அப்படியே இருக்கிறது, கணவர் பதற்றம் இல்லாமல் பதில் சொல்கிறார் என்றால், பெற்ற மகளே ஆனாலும் போலீசுக்குப் போக கால் தயங்கத்தான் செய்யும்.

பிறகு பம்பாயில் ஒரு ஓட்டலில் சாமியாரைச் சந்தித்த நேரத்தில் மகளின் கண்ணில் ஒன்று பட்டது. அது தாயின் பாஸ்போர்ட்!

பாஸ்போர்ட் இங்கே இருக்கிறது. அப்படியானால் லண்டன் போனது யார்?

ஸ்டேஷனில் தூங்கிய புகார்

1992 ஜூன் 10-ந்தேதி பெங்களூர் அசோக்நகர் போலீசில் மகள் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். தாய் காணாமல் போய் அப்போது ஓர் ஆண்டுக்கு மேல் ஆகி விட்டது. "பெண் மாயம்" என்று வழக்குப் பதிவானது. விசாரித்தார்கள். துப்பு துலங்கவில்லை. இன்னும் ஏறக்குறைய 2 ஆண்டு ஓடியது.

அத்தனை நாளும் சாமியார் அதே வீட்டில்தான் இருந்தார். ஷகெரே தனக்குக் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி சொத்துகளை ஒவ்வொன்றாக விற்றுக் கொண்டிருந்தார். உயிரோடு இல்லாதவர் கொடுத்த அதிகாரப் பத்திரம் செல்லாது. ஆனால் உயிரோடு இல்லை என்பது யாருக்குத் தெரியும்? "வெளியூர் போயிருக்கிறார்" என்ற பொய்யை அத்தனை நாள் காப்பாற்றியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

1994 மார்ச்சில் வழக்கு மத்திய குற்றப்பிரிவுக்குப் போனது. சாமியாரைப் பிடித்து விசாரித்தார்கள். அந்த மாதக் கடைசியில் ரிச்மண்டு ரோடு வீட்டின் வளாகத்திலேயே, படுக்கை அறையை ஒட்டிய திறந்த இடத்தைத் தோண்டினார்கள். மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே எலும்புக்கூடு! தோண்டுவது முழுவதையும் வீடியோ எடுத்தார்கள்.

ஐதராபாத், கட்ச், அமெரிக்கா, லண்டன் என்று சொல்லப்பட்ட தாய், வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. 1991 மே 28-ந்தேதியே கொலை நடந்து விட்டது என்று வழக்கில் தெரிந்தது.

மண்டை ஓட்டையும் ஷகெரேயின் போட்டோவையும் பொருத்திப் பார்த்தார்கள். டி.என்.ஏ. சோதனையும் நடந்தது. 2005-ல் பெங்களூர் செசன்சு கோர்ட்டு தூக்குத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு கர்நாடக ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. தூக்கா, ஆயுளா என்பதில் 2007-ல் சுப்ரீம் கோர்ட்டின் 2 நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு. 2008 ஜூலை 22-ந்தேதி 3 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: தூக்கு வேண்டாம், ஆனால் சாகும் வரை ஜெயில், இடையில் தண்டனைக் குறைப்பு கிடையாது. இந்த வகைத் தண்டனைக்கு நாடு முழுவதும் கோர்ட்டுகளில் இன்றும் எடுத்துக் காட்டப்படுவது இந்தத் தீர்ப்புதான்.

திண்டிவனத்துக்கு என்ன சம்பந்தம்?

திவான் பேத்தி, கோடிக்கணக்கில் சொத்து, விடாத மகள். இத்தனை இருந்தும் 3 ஆண்டு. தாம்பரம் பாசஞ்சரைப் பிடித்து வேலைக்குப் போகிற தாய்க்கும், மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு இறங்குகிற தாய்க்கும், ஜவுளிக்கடையில் இரவு 9 மணி வரை நிற்கிற தாய்க்கும் இதில் எது இருக்கிறது?

திண்டிவனத்துக்கு என்று தனிச் சிக்கலும் உண்டு. இது நாற்சந்தி ஊர். சென்னை ஒரு பக்கம், விழுப்புரம்-திருச்சி ஒரு பக்கம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஒரு பக்கம், புதுச்சேரி ஒரு பக்கம். புதுச்சேரி 40 கிலோ மீட்டர்தான். ஆனால் அங்கே போலீஸ் வேறு, அரசாங்கம் வேறு. இங்கே காணாமல் போனவர் அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நினைவு இல்லாமல் கிடந்தாலும், தகவல் ஒரு ஸ்டேஷனில் இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போனால்தான் உண்டு. தண்டவாளத்தில் அடிபட்டால் அது ரெயில்வே போலீசின் கணக்கு. ஆகவே திண்டிவனம் ஸ்டேஷனில் புகார் கொடுத்த கையோடு அரசு ஆஸ்பத்திரி, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, விழுப்புரம் ரெயில்வே போலீஸ், புதுச்சேரி என்று நாலு இடத்திலும் வீட்டார் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

"24 மணி நேரம் போகட்டும், அப்புறம் வாங்க" என்று சொல்லும் பழக்கம் உண்டு. அப்படி ஒரு சட்டமே கிடையாது. அன்று இரவே புகார் கொடுக்கலாம். குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 2013 நவம்பர் 12-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். லலிதா குமாரி வழக்கு என்று அதற்குப் பெயர். அதுவும் மகளைக் காணோம் என்று ஸ்டேஷனுக்கு அலைந்த ஒரு தகப்பனாரின் வழக்குதான்! 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, சம்பவம் நடந்த எல்லை எது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அப்படியும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு இருக்கிறது. யாராவது அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் என்றால் சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

யார் மேலாவது சந்தேகம் இருந்தால் வாயால் சொல்லாமல் புகாரிலேயே எழுத வேண்டும். மானம் போய் விடும் என்று பல வீடுகளில் இதை எழுதுவது இல்லை. வெறும் "காணவில்லை" என்று எழுதினால் வெறும் "காணவில்லை" ஆகவே தேடுவார்கள்.

பெங்களூரில் பாஸ்போர்ட் பேசியது. இங்கே பேசுவது வேறு சாமான்கள். கைப்பை வீட்டில் இருக்கிறதா? செருப்பு? சாப்பாட்டுத் தூக்கு? சம்பளம் விழும் வங்கிக் கார்டு? ஆதார் அட்டை? தானாகப் புறப்படுகிற பெண் எதை எடுத்துப் போவார், எதை விட்டுப் போயிருக்கிறார் என்பதை முதல் நாளே போலீசாருக்குக் காட்ட வேண்டும். பீரோவைத் துடைத்துப் பெருக்கி அடுக்கி விட்டால் பிறகு அதைக் கேட்டுப் பயன் இல்லை. பஸ் நிலையத்துக் கடைகளின் கேமரா பதிவும் சில நாளில் அழிந்து அதன் மேல் புதுப் பதிவு ஏறி விடும். போட்டோவும் அப்படித்தான். பட்டுச்சேலை, நகையோடு கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தை நோட்டீசில் போட்டால், நூல் சேலையில் இருக்கும் அதே பெண்ணை யார் கண்டுபிடிப்பார்கள்? தழும்பு, ஆபரேசன் தையல், கட்டிய பல் இவற்றையும் புகாரில் எழுத வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டுக் கொடுமை தாங்காமல் தானாகவே வெளியேறுகிற பெண்களும் இருக்கிறார்கள். மேஜரான பெண் என்றால், கண்டுபிடித்த பிறகு "நான் என் விருப்பத்தில்தான் வந்தேன்" என்று சொன்னால் அவர் விருப்பப்படி விட்டு விடுவார்கள். அவரை இழுத்து வர யாருக்கும் உரிமை இல்லை. அதற்காகத் தேடாமல் இருப்பதா?

7 ஆண்டு காத்திருப்பு

துப்பே துலங்காத வீட்டில் என்ன நடக்கிறது? அங்கே சாவும் இல்லை, சடங்கும் இல்லை. பிள்ளைகள் ஸ்கூலில் "தாய் பெயர்" எழுதும்போது பக்கத்தில் என்ன போடுவது என்று விழிக்கிறார்கள்.

மரணச் சான்றிதழ் கிடைக்காது. கிடைக்காததால் வாரிசுச் சான்றிதழும் இல்லை. வழக்கமாக அவரைப் பற்றிக் கேள்விப்படக் கூடியவர்களே 7 ஆண்டு கேள்விப்படவில்லை என்றால்தான் இறந்து விட்டதாகக் கோர்ட்டு கொள்ளும். 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்போதைய புதுச் சட்டத்தில் 111-வது பிரிவாக இருக்கிறது. அதுவும் தானாக நடக்காது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், எப்.ஐ.ஆர். பதிவாகி 6 மாதம் ஆனதும் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். கடைச் சிப்பந்திக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் அந்த வசதி எங்கே? வங்கியில் சிறு தொகை கிடந்தால், எப்.ஐ.ஆர்., "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற போலீஸ் அறிக்கை ஆகியவற்றின் பேரில் கொடுக்க 2008-ல் ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது.

எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆள் இல்லையே என்று பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதி ஆகி விடும். 7 ஆண்டு கழித்து "இறந்து விட்டார்" என்று கோர்ட்டு கொண்டாலும், காணாமல் போன தேதியிலேயே இறந்ததாக அர்த்தம் இல்லை என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. ஆகவே அந்த 7 ஆண்டும் பிள்ளைகள்தான் பணம் கட்டிக் கொண்டு வர வேண்டும்.

7 ஆண்டைக் கடைசியாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில் இருந்து எண்ணுவார்கள். அது எந்த நாள் என்று கோர்ட்டில் கேட்கும்போது முதலில் நீட்ட வேண்டிய காகிதம், அன்று இரவு ஸ்டேஷனில் வாங்கி வைத்த எப்.ஐ.ஆர். நகல்.

அவசரத்துக்கு போலீஸ் 100 அல்லது 112. பெண்கள் உதவிக்கு 181. இரவிலும் கூப்பிடலாம்.