எழுதி மாற்றத்தக்க மின்சுற்றுகள்

ஒரு கொதிகலனில் மூன்று வெப்ப உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று பழுதுற்றுப் பொய்ச் செய்தி தரினும் வேலை வீணே நின்றுவிடலாகாது. இரண்டேனும் அபாயம் என்று அறிவித்தால் மட்டுமே நெருப்பு அணைய வேண்டும். முன்னாளில் இவ்விதியை நிறைவேற்றத் தனித்தனித் தர்க்கச் சில்லுகளை வாங்கி, பலகையில் பற்றவைத்து இணைப்பர். விதி மாறின், பலகையும் மாற வேண்டும்.

1978-ஆம் ஆண்டில் மோனோலிதிக் மெமரீஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட பி.ஏ.எல். சில்லு இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. அதனுள் கம்பிகள் சந்திக்குமிடங்களில் நுண்ணிய உருகிகள் இருக்கும். வேண்டாத இணைப்புகளின் உருகிகளை மின்னோட்டத்தால் எரித்துவிட்டால், எஞ்சியிருப்பதே விரும்பிய சுற்று. ஆனால், எரிந்த உருகி மீண்டும் ஒட்டாது. பிழை நேர்ந்தால் பெரும்பாலும் சில்லைக் கழித்துவிட வேண்டியதே.

1985-இல் ஸைலிங்ஸ் நிறுவனம் வேறு வழியை மேற்கொண்டது. அதன் எக்ஸ்.சி. 2064 சில்லில் 64 தர்க்கப் பகுதிகள் இருந்தன. உருகிகளுக்குப் பதிலாக நினைவு அறைகள் அமைந்தன. எப்.பி.ஜி.ஏ. என இன்று வழங்கும் சாதனங்களின் முன்னோடி இதுவே.

இதன் தத்துவம் வியக்கத்தக்க அளவுக்கு எளியது. ஆம், இல்லை என இரண்டே விடை தரும் மூன்று கருவிகளின் செய்திகள் எட்டு வகையாகவே சேரக்கூடும். ஆகவே எட்டு நினைவு அறைகள் போதும். எக்கருவியும் அபாயம் காட்டாத நிலைக்கும், ஒன்று மட்டும் காட்டும் மூன்று நிலைகளுக்கும் 0. ஏனைய நான்குக்கும் 1. உள்ளே வரும் செய்திகள் அறையின் முகவரியாகப் பயன்பட்டு, அங்குள்ள விடையை வெளிக்கொணர்கின்றன. வாய்பாட்டை மனப்பாடம் செய்த சிறுவனைப்போல், சில்லு கணக்கிடுவதில்லை, ஒப்பிக்கிறது! ஒரு கருவி எச்சரித்தாலே போதும் என விதியை மாற்ற விரும்பினால், மூன்று அறைகளில் 0-ஐ 1 ஆக்கினால் முடிந்தது.

பகுதிகளுக்கிடையேயுள்ள கம்பி இணைப்புகளையும் நினைவு அறைகளே நிர்ணயிக்கின்றன. வடிவமைப்பாளர் வெரிலாக், வி.எச்.டி.எல். போன்ற மொழிகளில் சுற்றை விவரிக்கிறார். புதிதாகப் பயில்வோர் இதனைச் சாதாரணக் கணினி நிரலென்று எண்ணி இடறுவதுண்டு. இங்கு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுவதில்லை. பகுதிகள் யாவும் ஒருங்கே இயங்குகின்றன. புணே அருகிலுள்ள கோடத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட ரேடியோத் தொலைநோக்கியின் மேம்படுத்தப்பட்ட அமைப்பில் இச்சில்லுகள் உபயோகிக்கப்படுவது இத்திறன் கருதியே.

நினைவே சுற்றாக அமைவதில் ஓர் இடரும் உண்டு. விண்வெளியில் விரையும் ஆற்றல்மிக்க துகள் ஒன்று தாக்கி, ஓர் அறையின் 0-ஐ 1 ஆக்கிவிடலாம். சாதாரண நினைவகத்தில் இதனால் ஒரு தகவல் பிழைபடும். இங்கோ சுற்றே வேறொன்றாகிவிடும். ஆதலால் விண்கலங்களில் ஒரே சுற்றை மூன்று முறை அமைத்து, இரண்டு ஒத்துரைக்கும் விடையை ஏற்பர். கொதிகலனுக்குக் கூறிய அதே விதி! அன்றியும், பிழையற்ற பிரதியைக் கொண்டு அறைகளை அவ்வப்போது திருத்தி எழுதுவர். அதுவும் போதாதெனக் கருதுமிடங்களில், ஒருமுறை இணைத்தபின் மாற்றவியலாத எதிர்-உருகிச் சில்லுகளையே பொறியாளர் தேர்ந்தெடுக்கின்றனர்.